மினிடிஎஸ்பி 2×4 எச்டி: வீட்டில் செய்த போர்ட் சப்வூஃபருக்கு எப்படி?

ரிசீவருக்கும் சப்வூஃபர் ஆம்புக்கும் நடுவே வைத்து ஒலியைத் திருத்தும் சிறு டிஜிட்டல் பெட்டி இது. இதை வாங்க ஒரே ஒரு காரணம் சொல் என்றால், இதிலுள்ள நான்கு பிரீசெட்டுகளைத்தான் (சேமித்து வைத்து மாற்றிக்கொள்ளும் அமைப்புகள்) சொல்வேன். போர்ட் (காற்றுப் பைப்) வைத்த பெட்டிக்கு அவை பெரிய வரம்.

ஒரு கணக்கு பாருங்கள். 12 அங்குல டிரைவர். டிரைவரும் பைப்பும் குறுக்குக் கட்டைகளும் அடைக்கும் இடம் போக 100 லிட்டர் காற்று. உள்விட்டம் 10 செ.மீ. உள்ள பிவிசி பைப் இரண்டு, ஒவ்வொன்றும் 67 செ.மீ. இரண்டும் திறந்திருந்தால் டியூனிங், அதாவது பைப்பிலுள்ள காற்று ஒத்ததிரும் அதிர்வெண், சுமார் 25 ஹெர்ட்ஸ். பாட்டுக்கு இறுக்கமான, வேகமான அடி கிடைக்கும். ஒன்றை அடர்த்தியான ஸ்பாஞ்சால் காற்று புகாமல் அடைத்தால் சுமார் 18க்கு இறங்கும். படத்துக்கு அதுதான் வேண்டும். ஆனால் ஒற்றைப் பைப்பில் காற்று வேகம் கூடும். வால்யூமை ஏற்றினால் புஸ் புஸ் என்ற சத்தம் முதலில் அங்கேதான் வரும்.

டியூனிங்குக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இருக்காது. சில வாட்டிலேயே கோன் எல்லை மீறி ஆடி, வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) அடிபடும். ஆகவே பாட்டு பிரீசெட்டில் 22 ஹெர்ட்ஸ், பட பிரீசெட்டில் 16 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும் ஃபில்டர்). இரண்டுக்கும் ஃபில்டர் வகை பட்டர்வொர்த், சரிவு ஆக்டேவுக்கு 24 டெசிபல். பைப் இரண்டும் திறந்திருக்கும்போது பட பிரீசெட்டைப் போட்டுவிடாதீர்கள், ஒரு வெடிச் சத்தமே டிரைவரைக் கெடுத்துவிடும். மாற்றிப் போட்டால் ஆழம் குறையும், அவ்வளவுதான்.

டியூனிங் சரியா என்று பார்க்க யூமிக்-1 என்ற அளவீட்டு மைக்கை கோனிலிருந்து 1 செ.மீ. தள்ளி வைத்து, குறைந்த சத்தத்தில் 10 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (படிப்படியாக ஏறும் சோதனை ஒலி) ஓட்டுங்கள். வரைபடம் பள்ளமாக விழும் இடம்தான் டியூனிங். எண் கூடுதலாக வந்தால் பைப் குட்டை, குறைவாக வந்தால் நீளம். முதலில் நீளமாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அறுப்பதே நல்லது.

அளந்து ஃபில்டர்களைக் கணக்கிடும் ரூம் ஈகியூ விஸார்ட் மென்பொருளில் ஈக்வலைஸர் வகையை எச்டி என்றே தேர்ந்தெடுங்கள். பழைய 2×4 ஓடுவது 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில், இது ஓடுவது 96இல். தவறான வகையில் எடுத்த ஃபில்டர்களை ஏற்றினால் 40 ஹெர்ட்ஸில் இறங்க வேண்டிய வெட்டு 80இல் போய் விழும். இந்தத் தவறு நிறையப் பேருக்கு நடக்கிறது.

கோலாலம்பூர் தாமான் வீடுகளின் செங்கல் சுவர் பேஸை வெளியே விடாது. 4.5 மீட்டர் நீள அறையில் 38 ஹெர்ட்ஸ் வாக்கில் மேடு எழும், அதை வெட்டுங்கள். பள்ளத்தை ஈக்வலைஸரால் நிரப்பப் பார்த்தால் ஆம்ப்தான் திணறும், பெட்டியை நகர்த்துவதே வழி. ரிசீவரில் 80 ஹெர்ட்ஸ் கிராஸோவர் (சப்வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லை) வைத்திருந்தால் இதில் லோபாஸ் (மேல் ஒலியை வெட்டும் ஃபில்டர்) போடாதீர்கள், பிளேட் ஆம்பின் (பெட்டியில் பொருத்தும் ஆம்ப்) கிராஸோவர் குமிழையும் உச்சத்தில் விடுங்கள்.

குறைகள் உண்டு. வெளியீடு 2 வோல்ட்தான், சில மேடை ஆம்ப்களுக்குப் போதாது. ஆர்சிஏ (பேலன்ஸ்டு அல்லாத சாதாரண ஆடியோ) இணைப்பு என்பதால் ஹம் (உறுமல் சத்தம்) வரலாம். ரிசீவர், ஆம்ப், இது மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகிப் பாருங்கள். பிளக்கின் எர்த்தை மட்டும் கழற்றவே கூடாது. ஆர்சிஏ கேபிளும் டெர்மினலும் புடு ஜாலான் பாசாரில் கிடைக்கும். மைக் தனியாக வாங்க வேண்டும். மைக் இல்லாமல் இதை வாங்குவது வீண் செலவு.

மூடிய பெட்டியும் அறைத் திருத்தம் உள்ள ரிசீவரும் வைத்திருப்பவர்களுக்கு அவசரமில்லை. போர்ட் பெட்டிக்காரர்கள் டிரைவர் வாங்கும் பணத்தோடு இதற்கும் சேர்த்தே ஒதுக்குங்கள்.