ஜிஞ்ஜிச்சும் கோஷ்டுனித்சாவும்: செர்பியா முன்னே இருந்த இரண்டு பாதைகள்

செர்பியாவைப் பத்தாண்டுக்கும் மேலாகத் தன் பிடியில் வைத்திருந்த ஸ்லோபோடன் மிலோஷெவிச்சை 2000இல் வீழ்த்தியது யார் என்ற பேச்சு வந்தால், வோயிஸ்லாவ் கோஷ்டுனித்சா, சோரான் ஜிஞ்ஜிச் என்ற இரண்டு பெயர்கள் வரும். ஒரே ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியவர்களில் இருவரும் உண்டு. 1992இல் கோஷ்டுனித்சா பிரிந்து தனிக்கட்சி கண்டார்.

செர்பியாவும் மாண்டினீக்ரோவும் சேர்ந்ததே அன்றைய யூகோஸ்லாவியா. அதன் 2000 செப்டம்பர் அதிபர் தேர்தலில், மிலோஷெவிச்சுக்கு எதிராக 18 கட்சிகளின் கூட்டணி கோஷ்டுனித்சாவை நிறுத்தியது. அது சரியான தேர்வு. சட்டம் படித்தவர், ஊழல் கறை இல்லாதவர், 1999இல் யூகோஸ்லாவியா மீது மேற்கு நாடுகளின் நேட்டோ ராணுவக் கூட்டணி நடத்திய குண்டுவீச்சைக் கடுமையாக எதிர்த்தவர். அவரை 'மேற்கின் ஆள்' என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஜிஞ்ஜிச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் பிரசாரத்தை நடத்தியவர் அவர்தான். தோல்வியை ஏற்க மறுத்த மிலோஷெவிச்சை மக்கள் தெருவில் இறங்கி வீழ்த்திய அக்டோபர் 5 எழுச்சிக்கு முந்தைய இரவு, சிறப்புப் படையின் தளபதி உலெமெக்கை ரகசியமாகச் சந்தித்து, கூட்டத்தின் மீது சுடமாட்டோம் என்ற வாக்கையும் வாங்கினார். கோஷ்டுனித்சா அப்படி ஒரு சந்திப்புக்குப் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெற்றிக்குப் பின் கோஷ்டுனித்சா யூகோஸ்லாவிய அதிபர், ஜிஞ்ஜிச் 2001 ஜனவரியில் செர்பியப் பிரதமர். முறிவு அந்த ஜூன் 28இல் வந்தது. மிலோஷெவிச்சை ஹேக் நகரிலிருந்த ஐ.நா. போர்க்குற்ற நீதிமன்றத்திடம் ஒப்படைக்கும் ஆணையை அரசியல் சாசன நீதிமன்றம் நிறுத்தி வைத்திருந்தது. ஜிஞ்ஜிச் அரசு அதைப் பொருட்படுத்தாமல் அனுப்பிவைத்தது. சட்டவிரோதம் என்றார் கோஷ்டுனித்சா. சட்டப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் மறுநாள் பிரசல்ஸில் உதவி நாடுகள் கூடி சுமார் 128 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. கஜானா காலியான நாட்டுக்கு அது உயிர்மூச்சு. இதில் நான் ஜிஞ்ஜிச்சின் பக்கம்தான்.

அந்த இரவுச் சந்திப்புக்கும் விலை இருந்தது. 2001 நவம்பரில் அதே படை கலகம் செய்து பெல்கிரேடில் நெடுஞ்சாலையை மறித்தபோது, அவர் ரகசியப் போலீஸ் தலைமையை மாற்றிக் கொடுத்து இறங்கிவந்தார். 2003 மார்ச் 12 அன்று அரசுக் கட்டடத்தின் வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றவன் அந்தப் படையில் பணியாற்றியவன். ஜிஞ்ஜிச்சுக்கு அப்போது வயது 50தான்.

அடுத்த ஆண்டு கோஷ்டுனித்சா பிரதமரானார். 2006இல் புதிய அரசியல் சாசனம் கொண்டுவந்தார். அல்பேனியர் பெரும்பான்மையாக வாழும் கொசோவோ, செர்பியாவின் பிரிக்க முடியாத பகுதி என்று அதில் எழுதினார். 2008 பிப்ரவரியில் கொசோவோ சுதந்திரம் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு உறவு வேண்டுமா என்பதில் கூட்டாளிகளுடன் மோதி, அடுத்த மாதமே அவரது ஆட்சி உடைந்தது. எழுத்தை உறுதியாகப் பிடித்தவரின் கையில் களம் நிற்கவில்லை.

உலெமெக்குக்கும் சுட்டவனுக்கும் 2007இல் தலா 40 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. கொலைக்குப் பின்னால் இருந்த அரசியல் கரங்கள் எவை என்ற கேள்வி மட்டும் எந்த நீதிமன்றத்திலும் தீரவில்லை.