காது ஸ்கான் என்று சொல்லித் தலையை எடுத்துத் தந்தார்கள்

யாழ்ப்பாணத்தில் காதடைப்புக்கு ஸ்கான் எடுக்கப் போகிறவர்கள் காசு கட்டுமுன் இதை வாசித்துவிடுங்கள்.

தடிமனோடு சென்னையிலிருந்து பலாலிக்குப் பறந்து வந்தேன். இறங்கும்போது அடைத்த வலது காது மூன்று கிழமையாகியும் திறக்கவில்லை. கிளினிக்கில் போய் நிற்கப் பஞ்சிப்பட்டு, வைத்தியரின் துண்டுகூட இல்லாமல் பட்டினத்தில் ஒரு தனியார் ஸ்கான் நிலையத்துக்குப் போனது என் பிழைதான். "காதுக் குழாய் அடைப்பென்றால் சி.ரி.யில் தெரிந்துவிடும் அண்ணை" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. 22,000 ரூபா. பற்றுச்சீட்டில் காது எலும்பு சி.ரி. என்றே இருந்தது. ரிப்போர்ட்டிலோ மூளையைப் பற்றி ஒரு பந்தி, காதுக்கு "இயல்பு" என்று ஒரு சொல்.

பிறகு பார்த்த காது மூக்கு தொண்டை நிபுணர், படத்தின் மூலையைப் பார்த்ததும் "இது தலை ஸ்கான்" என்றார். தலையைப் படத்தில் 5 மி.மீ. தடிப்பான துண்டு துண்டாக வெட்டியிருக்கிறார்கள். காதுக்கு 1 மி.மீ.க்கும் குறைவாக வெட்ட வேண்டுமாம். காதின் மிகச் சின்ன எலும்பே 3 மி.மீ. சொச்சம்தானே!

சரியாக எடுத்திருந்தாலும், குழாய் அடைத்திருக்கிறதா என்ற என் கேள்விக்கு விடை கிடைத்திராது. பள்ளிக்கூடத்தில் ஊத்தேக்கியாவின் குழாய் என்று படித்தோமே, நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறம் போகும் மூன்றரை சென்டிமீற்றர் குழாய், அது சும்மா இருக்கும்போது மூடித்தான் கிடக்கும். விழுங்கினால், கொட்டாவி விட்டால் ஒரு கணம் திறக்கும். அசையாமல் படுத்தபடி எடுத்த படத்தில் அது மூடியிருந்தால், நோயா இயல்பா என்று எப்படிச் சொல்வது? மூக்கைப் பொத்தி ஊதச் சொல்லி எடுக்கும் முறையும் உண்டாம். என்னிடம் ஒருவரும் ஊதச் சொல்லவில்லை.

நிபுணர் காதின் அமுக்கத்தை அளந்தார். கோடு தட்டையாக வந்தது, அப்படியென்றால் செவிப்பறைக்குப் பின்னால் நீர். அடுத்து மூக்கால் கமரா விட்டார். வளர்ந்தவருக்கு ஒரு காதில் மட்டும் நீர் நின்றால் குழாயின் வாயை நேரே பார்த்தே ஆக வேண்டுமாம். அதை ஒட்டிய குழியில்தான் மூக்கின் பின்புறத்துப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்கும். சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. எனக்கு வெறும் வீக்கம்தான். ஆனால் ரிப்போர்ட்டில் இருந்த அந்த "இயல்பு" குழாயின் வாயைப் பார்த்துச் சொன்னதல்ல.

காசைத் திருப்பிக் கேட்டேன். "எடுத்தது எடுத்ததுதானே, வேண்டுமென்றால் பாதி விலைக்குத் திரும்ப எடுக்கிறோம்" என்றார்கள். இன்னொரு முறை கதிர் வாங்க நான் போகவில்லை. நீங்கள் போனால் எத்தனை மி.மீ. வெட்டு என்று முதலில் கேளுங்கள்.