கடேனா எட்டாத திரை: கப்ரிலெஸின் இணைய ஒளிபரப்பு

வெனிசுலாவின் மிராண்டா மாநில ஆளுநராக இருந்த எதிர்க்கட்சித் தலைவர் என்ரிகே கப்ரிலெஸ், 2013-இல் செவ்வாய்க்கிழமைதோறும் இணையத்தில் நேரலையாகப் பேசத் தொடங்கினார். அங்கு ஆளுநரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும், அந்தப் பதவி நம் முதலமைச்சர் பதவிக்கே நெருக்கமானது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இந்த ஒளிபரப்பின் அருமை விளங்கும்.

2013 ஏப்ரல் 14 அன்று நடந்த அதிபர் தேர்தலில், அறிவிக்கப்பட்ட முடிவின்படி, ஆளுங்கட்சி வேட்பாளர் நிக்கோலஸ் மதுரோவிடம் அவர் ஏறத்தாழ 2.24 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். வாக்களித்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் ஆதரவைப் பெற்ற அவருக்கு, அடுத்த மாதமே தொலைக்காட்சியில் இடமில்லாமல் போயிற்று. அரசை விமர்சித்த ஆர்சிடிவி தொலைக்காட்சியின் ஒளிபரப்பு உரிமம் 2007-இலேயே புதுப்பிக்கப்படவில்லை. அதேபோல் விமர்சித்துவந்த குளோபோவிசியோன் தொலைக்காட்சி, 2013 மே மாதம் கைமாறிய பிறகு, அவருடைய உரைகளை நேரலையில் காட்டுவதை நிறுத்திக்கொண்டது. அரசு நினைத்த நேரத்தில் எல்லா வானொலி, தொலைக்காட்சி நிலையங்களும் ஒரே செய்தியை ஒளிபரப்பியாக வேண்டும் என்ற ‘கடேனா’ முறையும் இருந்தது. அந்த ஏப்ரலில் கப்ரிலெஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே கடேனா குறுக்கிட, திரையிலிருந்து அவர் முகம் மறைந்து அரசின் குரல் ஒலித்தது. இணையத்தில் அப்படி யாரும் குறுக்கிட முடியவில்லை என்பதே இந்தச் சேவையின் முதல் சிறப்பு.

இரண்டாவது சிறப்பு, பேசுபவர் பொறுப்பில் இருந்தவர் என்பது. 2000 முதல் 2008 வரை பருத்தா நகர மேயர், 2008-இல் ஆளுங்கட்சியின் தியோஸ்தாதோ கபேயோவை வென்ற ஆளுநர், 2012 டிசம்பரில் அதே கட்சியின் எலியாஸ் ஹவுவாவை வென்று மீண்டும் ஆளுநர். தோற்ற ஹவுவாவையே தலைவராக்கி, மாநில நிர்வாகத்துக்கு இணையாகக் ‘கோர்ப்போமிராண்டா’ என்ற அமைப்பை மத்திய அரசு இயக்கியது. அதனால், சோளமாவுக்கும் கழிப்பறைக் காகிதத்துக்கும் மக்கள் வரிசையில் நின்ற அந்நாள்களில், தட்டுப்பாட்டைப் பற்றி அவர் பேசியது நிர்வாகத்தின் நெருக்கடியை உள்ளிருந்து அறிந்தவரின் பேச்சாக இருந்தது. 2012 பிரச்சாரத்தில் அவர் அணிந்த, தேசியக் கொடியின் மஞ்சள், நீலம், சிவப்பு நிறங்கள் கொண்ட தொப்பியைத் தேர்தல் ஆணையம் ஆட்சேபித்ததால் அது மேலும் புகழ்பெற்றது; ஆயினும் தொப்பியைவிட இந்தப் பேச்சுக்கே நான் அதிக மதிப்பளிப்பேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மேடையும் அவருடையது, பேச்சும் அவருடையது என்பதால், குளோபோவிசியோன் அரங்கில் ஒரு செய்தியாளர் இடைமறித்துக் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளுக்கு இங்கே வழியில்லை. அதைவிடப் பெரிய குறை, எட்டும் தூரம். அதே மிராண்டாவில் உள்ள பெத்தாரே குன்றுகளில் அடுக்கடுக்காக வாழும் ஏழைக் குடும்பங்களின் வாக்குகளே அவருக்கு மிகவும் தேவைப்பட்டன. அந்த வீடுகளில் இரவில் ஒளிர்ந்தது தொலைக்காட்சிதான், அதில் அவர் இல்லை.