தம்பியின் இதய வால்வு: தைத்துச் சரிசெய்வதா, மாற்றிவிடுவதா?

தம்பிக்கு அப்போது 29 வயது. வெளிநாட்டு வேலைக்காக மெடிக்கல் போனவன், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த டாக்டர் வெகுநேரம் எடுக்கவே இல்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னான். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்தால், இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகிற வாசலில் இருக்கும் பெருந்தமனி வால்வில் மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான். பிறவியிலேயே அப்படி. நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இது இருக்கிறது, ஆண்களுக்கு அதிகம், பலருக்குக் கடைசிவரை தெரியாமலேயே போய்விடும். இவனுக்கு வால்வு சரியாக மூடாமல் ரத்தம் இதயத்துக்கே திரும்பும் லீக் கடுமையாகி இடது கீழறை பெரிதாக ஆரம்பித்திருந்தது, சுருங்கி முடிக்கும்போதே குறுக்களவு 52 மில்லிமீட்டர். 50-ஐத் தாண்டிவிட்டால் மூச்சு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம், ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றார்கள்.

அடுத்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. மெட்டல் வால்வா, டிஷ்யூ வால்வா, ராஸ் ஆபரேஷனா, இருக்கிற வால்வையே தைத்துச் சரிசெய்வதா? நாங்கள் கடைசியாகச் சொன்னதைத்தான் தேர்ந்தெடுத்தோம், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

டிஷ்யூ வால்வை சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். மாட்டின் இதய உறையிலோ பன்றியின் வால்விலோ செய்வது. ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை வேண்டியதில்லை. அறுபத்தைந்து எழுபது வயதுக்காரருக்கு அருமையான தேர்வு. ஆனால் வயது குறையக் குறைய இது சீக்கிரம் சுண்ணாம்பு படிந்து கெட்டுப்போகும், பெரியவர்களிடமே பத்துப் பதினைந்து வருடம் என்கிறார்கள். 29 வயதில் வைத்தால் இன்னொரு ஆபரேஷன் உறுதி, அதற்கு மேலும் ஒன்று வரலாம். ராஸ் முறை 1967-ல் லண்டனில் டொனால்ட் ராஸ் தொடங்கியது. நுரையீரல் தமனியின் வால்வை எடுத்துப் பெருந்தமனியில் வைத்துவிட்டு, காலியான இடத்துக்கு தானமாகக் கிடைத்த மனித வால்வைப் பொருத்துவார்கள். நல்ல கைகளில் அற்புதமான முறைதான். ஆனால் ஒரு வால்வில் குறை என்று போய் இரண்டு வால்வில் கை வைப்பதா என்று எங்களுக்குத் தயக்கம், எங்கள் சர்ஜனும் அதை அதிகம் செய்பவர் இல்லை.

மிச்சமிருந்தது மெட்டலும் ரிப்பேரும்.

மெட்டல் வால்வைப் பற்றி நான் தவறாகப் பேச மாட்டேன், என் அத்தையை உயிரோடு வைத்திருப்பதே அதுதான். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலில் இதயத்தின் இடது பக்க இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு கெட்டுப்போய், 2006-ல் அவருக்கு சித்ரா வால்வு வைத்தார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் உருவாக்கி, 1990-ல் முதல் நோயாளிக்கு வைத்த நம் நாட்டு வால்வு. இன்றுவரை அவருக்கு அதில் ஒரு குறை இல்லை. ராத்திரி வீடு அடங்கியதும் அவர் பக்கத்தில் படுத்தால் டிக் டிக்கென்று கேட்கும், சின்னப் பிள்ளைகள் காதை வைத்துக் கேட்டுவிட்டு ஓடுவார்கள். அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடலாம். மெட்டல் வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் போட வேண்டிய மாத்திரை விஷயம் அப்படி இல்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் முடிவே இதில்தான் நின்றது. அத்தையிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்), எத்தனை மில்லிகிராம் அசிட்ரோம் (அந்த மாத்திரையின் பெயர்) என்று மூன்று கட்டம். அவருக்கு ஐ.என்.ஆர். இருக்க வேண்டியது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில். நோட்டைப் புரட்டினால் 2.8, 3.1 என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று 1.6. பேத்தி கல்யாண அலைச்சலில் இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போனது. அடுத்த பக்கம் 5.2, வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்ட மாத்திரை செய்த வேலை. குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டி அது மூளைக்குப் போகலாம், ஏறினால் உள்ளே எங்காவது கசியலாம். கீரையே சாப்பிடக் கூடாது என்பதில்லை, வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், ஆனால் முருங்கைக்கீரை மழைக்குத் தழைத்துக் கிடக்கிற வீட்டில் அந்த அளவு எங்கே நிற்கிறது? "இந்த மாத்திரைக்குப் புடிச்சதைத்தான் சமைக்கோணும் கண்ணு" என்பார் அத்தை. காய்ச்சலென்று போனால் இடுப்பில் ஊசி போடக் கூடாது, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் கூடாது, பல் பிடுங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே ரத்தம் பார்த்து இதய டாக்டரிடம் கேட்க வேண்டும். ஊருக்குள் லேப் இல்லை, ஐ.என்.ஆர். பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும்.

தம்பிக்கு லேத் பட்டறையில் வேலை. இரும்புச் சீவல் கையைக் கிழிக்காத வாரம் கிடையாது. பெருந்தமனி வால்வுக்கு ஐ.என்.ஆர். இரண்டிலிருந்து மூன்று போதும், அத்தையின் அளவுக்குத் தேவையில்லை, அதனால் இவன் பாடு கொஞ்சம் லேசாக இருந்திருக்கலாம். ஆனாலும் ஐம்பது வருடம் அந்த நோட்டை எழுத வேண்டுமே. ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று கேட்டேன். மெட்டல் வால்வுக்கு அவை ஆகாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை வைத்துச் செய்த ஆய்வில் ரத்தக்கட்டும் கசிவும் இரண்டுமே கூடியதால் பாதியில் நிறுத்திவிட்டார்கள், 2013-ல் அந்த முடிவு வெளிவந்தது. பெண்பிள்ளையாக இருந்தால் யோசனை இன்னும் பெரிது. அசிட்ரோம், அதே வகையைச் சேர்ந்த வார்ஃபரின் எல்லாம் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் உருவத்தையே பாதிக்கக்கூடியவை.

சரி, ரிப்பேரில் என்னதான் செய்கிறார்கள்? சர்ஜன் எக்கோ ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்து காட்டினார். இரண்டு இதழ் ஒட்டிப் பிறந்து நடுவில் ஒரு தழும்புபோல இருக்கும், அந்த ஒட்டின இதழ்தான் தொய்ந்து கீழே விழுகிறது, லீக் அங்கேதான். தொய்ந்த ஓரத்தை இரண்டு மூன்று தையலில் சுருக்கி, மற்ற இதழின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். வேட்டியின் தொய்ந்த கரையைக் கொசுவிப் பிடிப்பதுபோல என்று எனக்குப் புரிந்தது. அடிவளையம் விரிந்திருந்தால் அதையும் இழுத்துக் கட்டுவார்கள். ஜெர்மனியில் ஹோம்பர்க்கைச் சேர்ந்த ஷேஃபர்ஸ் குழுவினர் இதற்கென்று ஒரு அளவுகோலே செய்தார்கள். வால்வு மூடும்போது இதழின் விளிம்பு அடிவளையத்திலிருந்து ஒன்பது மில்லிமீட்டராவது உயர்ந்து நிற்க வேண்டும், அதை ஆபரேஷன் மேஜையிலேயே அளந்து பார்க்கிறார்கள். பிறகு இதயத்தை ஓடவிட்டு, உணவுக்குழாய் வழியாக எக்கோ. லீக் மிச்சமிருந்தால் மறுபடி இதயத்தின் வேலையைப் பார்க்கும் மெஷினில் போட்டுத் திருத்துவார்கள்.

எல்லா வால்வுக்கும் இது ஆகாது. சுண்ணாம்பு படிந்து இறுகி, திறக்க முடியாமல் போன வால்வை வயதானவர்களிடம் தைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இதழ் போதாமல் ஒட்டுப்போட வேண்டியிருந்தால் அந்த ரிப்பேர் சீக்கிரம் விட்டுப்போகிறது. இதழ் மெல்லியதாக, நீளமாக, லீக் மட்டும் இருந்தால்தான் நல்ல வாய்ப்பு, தம்பிக்கு அப்படி இருந்தது. பெருந்தமனியின் அகலமும் 38 மில்லிமீட்டர்தான், அதை மாற்றும் வேலை வரவில்லை. ஆனாலும் திறந்து பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று, முடியாவிட்டால் எந்த வால்வு வைப்பது என்பதற்கும் முன்னாலேயே கையெழுத்து வாங்கினார்கள். நாங்கள் மெட்டல் என்றுதான் எழுதினோம்.

சர்ஜனிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்: இந்த ரிப்பேரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அதில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? முதலில் நாங்கள் பார்த்த ஒருவர் "அதெல்லாம் நிக்காதும்மா, மாத்திடலாம்" என்றார். அவர் சொன்னதிலும் நேர்மை இருக்கிறது, செய்து பழகாதவர் கையில் நிற்காது. மாற்றுவது பெரும்பாலான இதய சர்ஜன்களுக்குக் கைவந்த வேலை, இது அப்படி இல்லை.

தம்பிக்கு இப்போது இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. சில மாதம் ஆஸ்பிரின் போட்டான், நிறுத்திவிட்டார்கள். லீக் துளி அளவு, கீழறை பழைய அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. பத்துப் பதினைந்து வருடத்தில் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம் என்று தெரிந்தேதான் ஒத்துக்கொண்டோம், அதுவரை எப்படி நிற்கும் என்று எங்கள் இரண்டு வருடத்தை வைத்து யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. ரிப்பேர் என்பதால் கவனம் விட்டுப்போகவும் இல்லை. வருடா வருடம் எக்கோ உண்டு. அடிவளையத்தை இழுத்துக் கட்ட உள்ளே ஒரு செயற்கை வளையம் வைத்திருப்பதால் பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக்கும் உண்டு. ஆனால் போன மாதம் சீவல் கட்டை விரலைக் கிழித்தபோது, துணியைச் சுற்றிக்கொண்டு சாயங்காலம்வரை வேலை பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

அப்புறம் ஒன்று. இது குடும்பத்தில் ஓடக்கூடியது, கூடப்பிறந்தவர்களும் பெற்ற பிள்ளைகளும் ஒரு எக்கோ எடுத்துவிட வேண்டும். எனக்கு எடுத்தார்கள், மூன்று இதழ். தம்பி பையனுக்கு நான்கு வயது, வைகாசியில் கூட்டிப் போகிறோம்.