நீஸ் ஷகால் அருங்காட்சியகம்: படத்தின் ஓரங்களையும் பாருங்கள்

ஓவியர் மார்க் ஷகால் என்றதும் பறக்கும் காதல் ஜோடி, பச்சை முகத்து வயலின்காரர், ஒரு ஆடு என்று வாழ்த்து அட்டை மாதிரிதான் பலருக்கும் ஞாபகம் வரும். அந்த ஞாபகத்தோடு பிரான்சின் நீஸ் நகரில், சிமியே பகுதியில் இருக்கும் இவருடைய அருங்காட்சியகத்துக்குப் போனால் அரை மணியில் சுற்றி முடித்துவிடலாம். இடம் சிறியது. ஆனாலும் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

ஷகால் உயிரோடு இருந்தபோதே, 1973-இல், திறந்த இடம் இது. அவர் பிரெஞ்சு அரசுக்குக் கொடுத்த 17 பெரிய பைபிள் ஓவியங்களுக்காகவே கட்டியது. பைபிளின் முதல் இரண்டு நூல்களான ஆதியாகமம், யாத்திராகமம் சார்ந்த 12 படங்கள் பெரிய கூடத்தில். பைபிளின் காதல் கவிதை நூலான உன்னதப்பாட்டை வைத்து வரைந்த 5 படங்கள் தனி அறையில். பைபிள் வரிசையில் தேடிக்கொண்டு போனால் தலை சுற்றும். எந்தப் படம் எங்கே தொங்க வேண்டும் என்பதை ஷகாலே முடிவு செய்தார், கதை வரிசையைப் பார்த்து அல்ல. அதனால் முதலில் கூடத்தின் நடுவில் நின்று நிறங்களை மட்டும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்; பிறகு ஒவ்வொன்றாகக் கிட்டே போகலாம்.

கிட்டே போனால் பார்க்க வேண்டியது ஓரங்களை. கடவுள் கேட்டதற்காக ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் படத்தில் விறகின் மேல் மஞ்சளாகக் கிடக்கும் பையனும் கத்தியோடு நிற்கும் ஆபிரகாமும்தான் உடனே கண்ணில் படுவார்கள். மேலே வலது மூலையைப் பாருங்கள்: சிலுவை சுமந்து போகும் ஒருவர், அழும் மக்கள். அங்கிருந்துதான் சிவப்பு வழிந்து ஆபிரகாம் மேல் இறங்குகிறது. பைபிள் படித்தவர்கள் இதை, ஈசாக்கின் பலி இயேசுவின் பலிக்கு முன்னடையாளம் என்ற வழக்கமான கிறிஸ்தவ விளக்கமாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். பாதிதான் சரி. 1938-இல் வரைந்த 'வெள்ளைச் சிலுவை'யிலேயே ஷகால் இயேசுவின் இடுப்பில் யூதர்களின் தொழுகைச் சால்வையைக் கட்டிவிட்டார். சுற்றிலும் எரியும் யூத ஜெப ஆலயம், ஓடும் ஜனங்கள். அவருக்குச் சிலுவை என்பது வேட்டையாடப்பட்ட யூதரின் அடையாளம். பெலாரூஸின் வித்தெப்ஸ்கில் ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர், 1941-இல் பிரான்சிலிருந்து நியூயார்க்குக்குத் தப்பியவர். அவர் பிறந்த ஊரின் யூதர்களை நாஜிகள் கொன்று தீர்த்தார்கள். இது தெரியாமல் அந்த மூலையைப் பார்த்தால் வெறும் அலங்காரமாகத்தான் தெரியும்.

நோவாவின் வானவில்லில் ஏழு நிறமும் இல்லை, வெறும் வெள்ளை வளைவு. கூடம் முழுக்க நிறத்தை வாரி இறைத்தவர், இனி உலகை வெள்ளத்தால் அழிக்க மாட்டேன் என்ற கடவுளின் வாக்குறுதிக்கு மட்டும் நிறமே கொடுக்கவில்லை. என் கணக்கில் இங்கிருப்பதிலேயே துணிச்சலான முடிவு இதுதான். எரியும் முட்செடிப் படத்தின் இடது பக்கத்தில் மோசேயின் உடம்பே, அவர் பின்னால் கடலைக் கடக்கும் ஜனக்கூட்டமாகவும் அந்தக் கடலாகவும் மாறிவிடுகிறது. எட்டி நின்றால் அது துணி மடிப்பு போலத்தான் இருக்கும்.

உன்னதப்பாட்டு அறை முழுக்கச் சிவப்பும் ரோஜா நிறமும். பெரிய கூடத்தின் நீலமும் பச்சையும் கண்ணில் தங்கியிருக்கும்போது உள்ளே போனால் சிவப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும். அதனால் இந்த அறையைக் கடைசிக்கு வையுங்கள். வெளியே குளத்துக்கு மேல் இருக்கும் தீர்க்கதரிசி எலியாவைக் காட்டும் மொசைக்கில் அக்கினி ரதத்தைச் சுற்றி ராசிகள். தண்ணீரில் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். காற்று அடித்தால் கலைந்துவிடும்.

பலர் தவறவிடுவது கச்சேரி அரங்கை. உலகப் படைப்பைச் சொல்லும் மூன்று நீல நிறக்கண்ணாடிச் சன்னல்கள் அங்கேதான் இருக்கின்றன: முதல் நான்கு நாட்கள், அடுத்த இரண்டு, ஏழாம் நாள். ஷகாலின் சன்னல்களைச் செய்துகொடுத்தவர் ரெம்ஸ் நகரப் பட்டறையின் ஷார்ல் மார்க். சாதாரண நிறக்கண்ணாடியில் நிறம் மாறும் இடமெல்லாம் துண்டுகளை இணைக்க ஈயப்பட்டை வேண்டும். இவர் வெள்ளைக் கண்ணாடி மேல் மெல்லிய நிறப்படலம் ஒட்டிய கண்ணாடியை எடுத்து, படலத்தை அமிலத்தால் அரித்தார். அரிப்பு கூடக் கூட நிறம் வெளிறும். ஒரே துண்டில் கருநீலத்திலிருந்து வெள்ளை வரை வரும். ஈயக்கோடு நிறத்தை வெட்டாமல், தூரிகைக் கோடு போலப் படத்துக்குள் ஓடுவது அதனால்தான். மேகமூட்டமான நாளில் நீலம் கனத்துப்போகும். வெயில் நாளில் போங்கள். நிகழ்ச்சி இருந்தால் அரங்கு மூடியிருக்கும், நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதே குன்றின் மேலே இருக்கும் ஓவியர் மத்தீஸின் அருங்காட்சியகத்துக்கும் அன்றுதான் விடுமுறை, ஆகவே இரண்டையும் சேர்த்துப் போகிறவர்கள் கிழமையைச் சரிபார்த்துவிடுங்கள். நீஸ் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், ஆனால் ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு 5-ஆம் எண் பஸ் இருக்கிறது.