ஜேட் கோவ் (Jade Cove) என்ற சிறு விரிகுடாவில் பொறுக்கிய கல் சாதாரண செர்பென்டைனா, ஜேட் வகையான நெஃப்ரைட்டா?

அந்த இடம் இருக்கும் கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் இரண்டும் பச்சை, இரண்டும் அலை தேய்த்த வழவழப்பு. கண்ணை நம்பினால் ஏமாற்றம்தான்.

கத்தி முனையால் கீறுங்கள். செர்பென்டைனில் பெரும்பாலும் வெளிறிய பள்ளம் விழும், மோஸ் அளவுகோலில் (1 முதல் 10 வரை) கடினம் 6–6.5 உள்ள நெஃப்ரைட்டில் எஃகின் சாம்பல் கோடு மட்டும் படியும். ஆனால் போவனைட் என்ற கெட்டி செர்பென்டைன் கத்திக்கு லேசில் மசியாது. அப்போது தராசுதான் தீர்ப்புச் சொல்லும்: 130 கிராம் கல்லை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு எடை பாருங்கள். 50 கிராம் குறைந்தால் அடர்த்தி 130 ÷ 50 = 2.6, செர்பென்டைன். 43 குறைந்தால் 3.0, நெஃப்ரைட்.

புதிதாகச் சேர்ப்பவருக்குச் செர்பென்டைனே தோது. தாராளமாகக் கிடைக்கும், 1965 முதல் கலிஃபோர்னியாவின் அதிகாரபூர்வ மாநிலப் பாறையும்கூட. ஒரே வில்லங்கம்: நார்நாராக வெண்ணிழை ஓடினால் அது நுரையீரலுக்குக் கேடான கிரைசோடைல் அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உடைக்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள்.