எத்தனை மில்லிமீற்றர் என்று மட்டும் கேட்காதீர்கள்: வீட்டில் செய்த வில்லும் அதன் தடிப்பும்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, 40 இறாத்தல் வில்லுக்குப் பட்டையின் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர்?" 40 இறாத்தல் என்பது வில்லின் பாரமல்ல, நாணை முழுதாக இழுத்துப் பிடிக்க வேண்டிய விசை. என் வில்லைக் கையில் எடுத்துப் பார்க்கிற எல்லாரும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். என்னுடையது 7.6 மில்லிமீற்றர். அதை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஏன் என்று எழுதிவிடுகிறேன். இனிக் கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

மூன்றாகக் கழற்றும் ரீகேர்வ் வில் இது, அதாவது நுனிகள் எய்பவருக்கு எதிர்ப்பக்கமாக வளைந்த வகை. நீளம் 60 அங்குலம். நடுவில் தளபாடப் பட்டறையில் மிஞ்சிய முதிரைக் கட்டையில் பிடி. மேலும் கீழும் வளையும் பட்டைகள், உள்ளே மூங்கில் சிலாகைகளும் இரு முகங்களிலும் பைபர்கிளாஸும் வைத்து எபொக்சியில் ஒட்டியவை. கழற்றும் வகையைத் தேர்ந்ததற்குக் காரணம் பஸ்தான். ஏ-9 வீதியில் ஆளுயரப் பொதியோடு ஏறினால் நடத்துனர் முதல் கடைசி ஆசனத்தில் இருப்பவர் வரை எல்லாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். இலக்கு, வயலில் கிடைக்கும் வைக்கோல் கட்டு.

நான் எதிர்பாராத நன்மை ஒன்று உண்டு. முன்பு வைத்திருந்த தனிமர வில் மார்கழி மழையில் ஈரம் ஏறிச் சோர்ந்துவிடும். இது அப்படியில்லை. சோளகம் அனலாக வீசும் காலத்திலும் வாடைக்காற்றோடு மழை பிடிக்கும் காலத்திலும், நெல் மூட்டை நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டி 28 அங்குலத்துக்கு இழுத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு காலத்திலும் 18 கிலோவுக்குச் சற்று மேல், அதாவது அந்த 40 இறாத்தல். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் மட்டும் வைத்துவிடக் கூடாது. சாதாரண வெப்பநிலையில் இறுகும் எபொக்சி பல, 50, 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். பிறகு பட்டை ஏடு ஏடாகப் பிரியும்.

சரி, தடிப்பு. பட்டையின் அகலத்தைப் பத்து வீதம் கூட்டினால் விறைப்பும் பத்து வீதம்தான் கூடும். தடிப்பைப் பத்து வீதம் கூட்டினால் விறைப்பு 33 வீதம் கூடும், 1.1ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். என் பட்டையில் 0.1 மில்லிமீற்றர் ஏறினாலோ இறங்கினாலோ ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல் மாறும். மர ஆலையில் போய் 0.1 மில்லிமீற்றர் என்று சொல்லிப் பாருங்கள், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே வெறும் எண்ணைக் கேட்டுப் பயனில்லை. அதே நீளம், அதே அகலம், அதே பைபர்கிளாஸ் கொண்ட ஒரு வில்லின் தடிப்பும் இழுவிசையும் தெரிந்தால் அங்கிருந்து கணக்குப் போடலாம். அது 7.2 மில்லிமீற்றரில் 35 இறாத்தல் இழுக்கிறது என்று வையுங்கள். 40ஐ 35ஆல் வகுத்துக் கனமூலம் எடுத்தால் 1.045, 7.2ஐ அதனால் பெருக்கினால் 7.5 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஐந்து இறாத்தலுக்கு வெறும் 0.3 மில்லிமீற்றர்! தம்பி செய்யப்போவதோ 66 அங்குல வில். பட்டை நீண்டால் அதே தடிப்பில் இழுவிசை மளமளவென்று இறங்கும். என் 7.6 அவருக்குச் சிறுபிள்ளை வில்லைத்தான் கொடுக்கும்.

முல்லைத்தீவுக் கரையில் படகு திருத்தும் பைபர் பாய் போதாதா என்றும் கேட்கிறார்கள். போதாது. அதில் இழைகள் நாலாபக்கமும் சிதறிக் கிடக்கும். வில்லுக்கு எல்லா இழையும் நீளவாக்கில் ஓட வேண்டும், ஏனென்றால் வளையும்போது சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது வெளி முகங்கள்தான். உள்ளே இருக்கும் மூங்கிலின் முக்கிய வேலை அந்த இரண்டு முகங்களையும் தள்ளி வைப்பது. பாலை மரத்தை உள்ளே வைக்கலாமே என்று தொடங்காதீர்கள். பாரமான பட்டை அம்பைத் தள்ளுவதை விட்டுத் தன்னையே தள்ளிக்கொண்டிருக்கும்.

என் எரிச்சலுக்கு வருகிறேன். பைபர்கிளாஸ் பட்டி கொழும்பில் ஒருவரிடம் வாங்கியது. 1 மில்லிமீற்றர் என்று எழுதி விற்றார். வேணியர் இடுக்கிமானியால் அளந்தபோது ஒரு முனை 1.0, மறுமுனை 1.1. திருப்பிக் கேட்டதற்கு, "ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றுக்கா இவ்வளவு கதை?" என்றார். மூங்கில் சிலாகைகள் ஏற்கெனவே சீவி முடிந்திருந்தன. தடித்த துண்டு கீழ்ப்பட்டைக்குப் போனது. நாணேற்றி, பட்டைகளின் அடியிலிருந்து நாண் வரை அளந்தால் மேல் இடைவெளி கீழ் இடைவெளியைவிட மூன்று மில்லிமீற்றர் கூடுதலாக இருப்பது விரலால் இழுப்பவர்களுக்கு நல்லதுதான். எனக்கு வந்தது அதன் இரண்டு மடங்கு. வெளி முகத்தில் ஏறிய தடிப்பு என்பதால் விறைப்பும் ஐந்து வீதத்துக்கு மேல் கூடியிருந்தது. அதைச் சரிக்கட்ட 45 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு மில்லிமீற்றருக்கும் மேல் ஓரங்களைத் தேய்க்க வேண்டியிருந்தது. பைபர்த் தூசி உடம்பில் பட்டவருக்குத் தெரியும் அந்த அரிப்பு. முகமூடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொடாதீர்கள்.

நியாயமாகச் சொன்னால், அதன் பிறகு வில்லில் ஒரு குறையும் இல்லை. அம்பு நேரே போகிறது, இழுவை கடைசி அங்குலம் வரை மென்மை, நுனிகள் முறுகவில்லை. ஆனால் கீழ்ப்பட்டை மேற்பட்டையைவிட ஒடுங்கி நிற்கிறது. வேறு எவர் கண்ணிலும் இதுவரை படவில்லை. என் கண்ணில் நாணேற்றும் ஒவ்வொரு முறையும் படுகிறது, ஒவ்வொரு முறையும் அந்தக் கொழும்புக்காரரின் குரல் கேட்கிறது. நல்ல வில், விற்க மாட்டேன், இரவல் கொடுக்கவும் மனமில்லை. ஆனால் எவரும் இதைச் செய்யச் சொல்லவும் மாட்டேன்.

ஆகவே தம்பி, இழுவிசை எழுதி, திருகாணியில் பூட்டும் பட்டைகள் ஆயத்தமாக விற்கிறார்கள். அதை வாங்குங்கள். பிடியை மட்டும் நீங்களே செய்யுங்கள். முதிரைக் கட்டை ஒன்று என்னிடம் இன்னும் கிடக்கிறது, வந்தால் எடுத்துப் போகலாம்.